பாலைவனப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜனவரி கடைசியில் பள்ளி திறக்கும். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் அந்த வாரத்தில்தான் புது ஆசிரியர்கள் வந்து இறங்குவார்கள். வண்டி நிறைய லேமினேட் செய்த எழுத்து அட்டைகள், படங்கள், மூன்று மாதத்துக்கான பாடத்திட்டம். ஆறு வாரம் கழித்து அதே முகங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். நான் முதல் வருடம் என்னென்ன செய்து கெடுத்தேனோ அதையெல்லாம் ஒன்று விடாமல் அவர்களும் செய்துகொண்டிருப்பார்கள். இந்த வருடம் வந்தவர்களில் இரண்டு பேர் தமிழர்கள், அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் சொல்வது தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலை. ஏ.பி.ஒய். நிலங்கள் என்பார்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அங்குள்ள பூர்வகுடிகளுக்கே சொந்தம். ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கும் அதிகம், ஆனால் வாழ்கிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் காதில் விழும்போது கிட்டத்தட்ட நம் ‘அணங்கு’ போலவே இருக்கும், கடைசியில் க ஒலி மட்டும் வராது. மனிதர்கள் என்று பொருள். நான் அணங்கு என்றே எழுதுகிறேன். மொழி பெரும்பாலும் பிட்ஜன்ட்ஜரா.

தண்ணீர் எடுத்துப் போங்கள், தொப்பி போடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் தெரியும்.

பேசாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது

ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டால் அது தலையைக் குனிந்துகொள்ளும். அதற்கு அங்கே ‘குண்டா’ என்று ஒரு சொல் உண்டு. கூச்சம், வெட்கம், தனித்துத் தெரிந்துவிட்ட அவமானம், மூன்றும் சேர்ந்தது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று அதட்டினால் இன்னும் மோசம். இன்னொரு சொல்லும் தெரிந்துகொள்ளுங்கள்: ‘குலினி’. கேட்பது, யோசிப்பது, புரிந்துகொள்வது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைச்சொல்தான். நீங்கள் மௌனம் என்று நினைப்பதில் பாதி நேரம் நடப்பது அதுதான்.

என் வகுப்பில் ஒரு வாரம் முழுக்க வாயே திறக்காத ஒரு சிறுமி, மதிய வேளையில் மர நிழலில் உட்கார்ந்து, வளைந்த கம்பி ஒன்றால் மணலைத் தட்டித் தட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு இழுப்பாள், வீடு வரும், ஆட்கள் வருவார்கள், உள்ளங்கையால் மணலை ஒரே இழுப்பில் வழித்துவிட்டு அடுத்த காட்சி. சுற்றி நாலு பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலைதான் அவளுடைய கோப்பில் ‘வாய்மொழித் திறன் குறைவு’ என்று எழுதியிருந்தேன்.

“சொந்த அப்பாவா?” என்று கேட்பது

திங்கட்கிழமை ஒரு பையனை ஒருவர் வந்து கூட்டிப்போவார், அப்பா என்பான். புதன்கிழமை வேறொருவர், அவரும் அப்பா. வெள்ளைக்கார ஆசிரியர் குழம்பினால் ஒரு நியாயம் இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்று வளர்ந்த நாம் குழம்பக் கூடாது. அங்கே அப்பாவுடைய அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும் அப்பாவுக்குரிய சொல்தான், அம்மாவின் சகோதரிகளுக்கு அம்மாவுக்குரிய சொல். தாய்மாமனுக்கு மட்டும் தனியாகக் ‘கமுரு’ என்று உண்டு. ஒன்றில் கவனம் வேண்டும், ‘மம’ என்றால் அவர்களுக்கு அப்பா, மாமா இல்லை.

மது

ஒரு பாட்டில்கூட வேண்டாம். அங்கே தடை, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரை ஓரங்கட்டுவது

இதைத்தான் எழுத வந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் அணங்கு கல்விப் பணியாளர் இருப்பார். பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்மணி. என் வகுப்பில் இருந்தவர், நான் பத்தாம் வகுப்பு எழுதுவதற்கு முன்பே அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் அம்மா முறை, பாட்டி முறை. நான் அவருக்குக் கொடுத்த வேலை: ஜெராக்ஸ் எடுப்பது, பென்சில் சீவுவது, காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது. ஒரு பையன் நாற்காலியைத் தூக்கி எறிந்தபோது அவர் பின்னாலிருந்து மெதுவாக இரண்டே வார்த்தை சொன்னார், அவன் உட்கார்ந்தான். நான் நன்றி சொல்லிவிட்டு ஆங்கிலப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவர் சொன்னது என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை. சனி ஞாயிறில் ஊரில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். இறந்தவர் பெயரை அங்கே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதே பெயர் உள்ள மற்றவர்களையும் ‘குன்மனாரா’ என்று மாற்றித்தான் கூப்பிடுவார்கள், வருடக்கணக்கில்கூட. இது எனக்குப் பயிற்சியில் சொல்லித்தரப்பட்டதுதான், குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் இறந்தவர் பெயரும் என் மாணவி ஒருத்தியின் பெயரும் ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்? வருகைப் பதிவேட்டை எடுத்து அந்தப் பெயரை உரக்கப் படித்தேன். பதில் வரவில்லை என்று இரண்டாம் தடவையும் படித்தேன். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். கல்விப் பணியாளரான அந்த அம்மாவும் எழுந்து போனார்.

அவர்களெல்லாம் ‘அனுமதியின்றி வெளியேறினர்’ என்று பதிவு செய்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கு அவரிடம் போய், “ஊரில் என்ன விசேஷம், இன்று நான் எதைக் கவனிக்க வேண்டும்?” என்று ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. கேட்கிற பழக்கமே எனக்கு இல்லை. அப்புறம் மாதக்கணக்கில் அவர் வரவில்லை. இழவுக்காகக் குடும்பங்கள் வீட்டை விட்டுத் தள்ளிக் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள், பாதி நாள் அதில் போனது. மீதி நாள் என்னால். நானோ தலைமை ஆசிரியரிடம், அவரை நம்பி ஒரு வேலை கொடுக்க முடியாது என்று சொன்னேன். பத்தொன்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் இரண்டாம் பருவ முடிவில் ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

கூட வேலை பார்த்த மூத்த ஆசிரியை ஒருவர்தான் கேட்டார்: “நாளைக்கு என்ன நடத்தலாம் என்று அவரிடம் ஒருநாளாவது கேட்டாயா?”

போனேன். வாசல்வரை நேராகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது, முற்றத்துக்கு வெளியே தள்ளி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், அதையும் அந்த ஆசிரியைதான் சொல்லி அனுப்பினார். முக்கால் மணி நேரம் கழித்து அந்த அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், நீ வகுப்பில் இரண்டு பிள்ளைகளை ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறாய், அவர்கள் குடும்பங்களுக்குள் இப்போது சண்டை, அதனால்தான் இருவரும் வருவதில்லை என்றார். மூன்று மாதமாக எனக்குப் புரியாமல் இருந்த விஷயம் அது.

மூன்றாம் பருவத்தில் திரும்பி வந்தார். தினமும் எட்டு மணிக்கு அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதல் பாடம் அவருடையது, பிட்ஜன்ட்ஜராவில், நான் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். தேன் எறும்பு தோண்டப் போன கதையை அவர் கரும்பலகையில் எழுதுவார், பிள்ளைகள் படிப்பார்கள், பிறகு அதே கதையை நான் ஆங்கிலத்தில் எடுப்பேன். இது நாங்கள் கண்டுபிடித்ததும் இல்லை. அங்குள்ள எர்னபெல்லா என்ற ஊரில் 1937இல் மிஷன் வந்தது, 1940இல் பள்ளி தொடங்கியபோதே தாய்மொழியில்தான் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

புதிதாக வருகிறவர்களின் கால அட்டவணையில் இன்றும் அவர் பெயருக்கு நேரே ‘உதவி’ என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். நீங்கள் இரண்டு வருடத்தில் போய்விடுவீர்கள். அவர் அங்கேயே இருப்பார். தயவுசெய்து அவருக்கு முதல் பாடத்தைக் கொடுங்கள்.

காதைப் பார்க்காமல் உச்சரிப்பைத் திருத்துவது

‘பின்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் உண்டு, குத்தும் ஊசி ஒன்று, குப்பைத் தொட்டி ஒன்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பிட்ஜன்ட்ஜராவிலும் அப்படித்தான், இந்த இரண்டு ஒலிக்கும் வேறுபாடு கிடையாது. உயிரொலி மூன்றே, குறிலும் நெடிலுமாக. இதற்கு மேல் பல பிள்ளைகளுக்கு நடுக்காதில் திரும்பத் திரும்பச் சீழ் கட்டுகிறது. காது அடைத்த பிள்ளைக்கு முன்னால் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு ஒலிப் பயிற்சி நடத்தினால் அதற்கு என்ன கேட்கும்? வகுப்பில் ஒலிபெருக்கி இருந்தால் தினமும் போடுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், கிளினிக் செவிலியரிடம் யாருக்கு எந்தக் காது என்று பெற்றோர் சம்மதத்தோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ட, ண, ள மூன்றும் அவர்கள் மொழியில் உண்டு. ஆங்கிலேயர்கள் வருடக்கணக்கில் தடுமாறும் அந்த ஒலிகள் நமக்கு முதல் நாளே வரும். அதைப் பயன்படுத்தி அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பது பெரிய வீண்.

ஒரே ஸ்டெப்னி

இரண்டு வேண்டும். மண் சாலையில் டயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள்.

போட்டோ

கேட்காமல் எடுக்காதீர்கள். இறந்தவர் இருக்கும் படம் என்றால் சுவரிலிருந்தும் எடுத்துவிடுங்கள், எதற்கும் உங்கள் வகுப்பில் இருக்கும் அணங்கு அம்மாவிடம் கேட்டுவிட்டு.

கிளம்பும்போது

கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் ஒரு பருவம் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்து வருகிறவருக்குக் குறிப்பு எழுதுவீர்கள் அல்லவா, அதை ராத்திரி தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். எட்டு மணிக்கு அந்த அம்மாவோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், மேலே முதல் பெயராக அவர் பெயரைப் போடுங்கள்.