முகத்தில் படரும் மங்கு: கட்டுப்படுத்தும் முறை

கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில், பெரும்பாலும் முகத்தின் இருபுறமும் ஒத்த வடிவில் படரும் பழுப்புத் திட்டுகளே மங்கு, அதாவது மெலாஸ்மா. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை இதைத் தூண்டுகின்றன.

சிகிச்சையில் முதலிடம் களிம்புக்கு அன்று, வெயில் தடுப்புக்கே. புற ஊதாக் கதிர்கள் மட்டுமின்றிக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் மங்கைக் கருமையாக்குவதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமூட்டப்பட்ட, எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைக் காலையில் தாராளமாகப் பூசி, வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த களிம்புகளை வாங்குவது வீண்.

அடுத்து, தோல் மருத்துவரின் பரிந்துரையுடன் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்த களிம்பைச் சில வாரங்களுக்கு இரவில் பூசலாம். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசெலாயிக் அமிலத்தை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். மூன்றும் சேர்ந்த அந்தக் களிம்பை யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் பூசுவோருக்குத் தோல் மெலிந்து, முகப்பரு தோன்றி, நுண்ணிய இரத்த நாளங்கள் வெளித்தெரியத் தொடங்கலாம். இந்தப் பழக்கம் பரவலாக இருப்பதுதான் கவலைக்குரியது.

எரிச்சலே புதிய கருமையை உண்டாக்கும் என்பதால், முகத்தை அழுத்தித் தேய்ப்பதையும் கடுமையான ஸ்கிரப்புகளையும் விட்டுவிட வேண்டும். லேசர் சிகிச்சை சிலருக்கு மங்கை அதிகப்படுத்துவதும் உண்டு. ஆகவே அதைக் கடைசி வாய்ப்பாகவே கருத வேண்டும். திட்டுகள் மங்கிய பிறகும் சன்ஸ்கிரீனை நிறுத்தக் கூடாது.