எம்35ஏ2 ராணுவ டிரக்: ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிரேக்கைச் சரிசெய்வது எப்படி?

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட இரண்டரை டன் எம்35ஏ2 வண்டியை வாங்கியவர்கள் முதலில் பேட்டரி, டீசல் என்று ஓடுவார்கள். பேட்டரி காத்திருக்கட்டும், பிரேக்கை முதலில் பாருங்கள். சரக்கில்லாமலேயே சுமார் 6 டன் எடையுள்ள இந்த வண்டியில் இருப்பது ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஒரு ஹைட்ராலிக் சர்க்யூட். ஏதாவது ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் போதும், ஆறு இடத்திலும் பிரேக் போய்விடும்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் ‘ஏர்பேக்’ (Air-Pak; விபத்தில் விரியும் காற்றுப் பை அல்ல) என்ற பூஸ்டருக்குப் போகும். அது டேங்கில் உள்ள காற்றழுத்தத்தைக் கொண்டு அந்த ஆயிலை இன்னும் பலமாக, சக்கரங்களில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களுக்கு அனுப்பும். காற்று உதவி செய்கிறது, அவ்வளவுதான். பிரேக் பிடிப்பது ஆயில்தான். ‘ஏர் பிரேக் வண்டி’ என்று நினைத்து காற்று மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டுவது ஆபத்து.

என்ன ஆயில் இருக்கிறது?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் டாட் 5 சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறியது. ஆனால் வண்டி கைமாறிய பிறகு யாராவது கார்களில் ஊற்றும் கிளைக்கால் வகையான டாட் 3 ஊற்றியிருக்கலாம். இரண்டும் கலக்காது. நிறத்தை நம்ப வேண்டாம்; ஊதாவாக வரும் சிலிக்கான் பழசானால் வெளிறிவிடும். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். கரைந்து போனால் டாட் 3 வகை. கரையாமல் மேலே மிதந்தால் சிலிக்கான். இரண்டும் கலந்து கிடந்தால் லைன் முழுவதையும் கழுவி, ரப்பர் பாகங்களை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சிலிக்கான் ஈரத்தை உறிஞ்சாது என்பது நல்லதுதான். ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் கரையாமல் தாழ்வான இடத்தில், அதாவது வீல் சிலிண்டரின் அடியில், தங்கி அங்கேயே துருவாக்கும்.

சக்கரத்தைக் கழற்றுதல்

ஹேண்ட் பிரேக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலோ, ஆக்சில் ஷாஃப்டை உருவினாலோ டிஃபரென்ஷியல் சுழன்று கொடுத்து வண்டி உருளலாம். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள்.

இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர் மரை, அதாவது கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். ஸ்டட்டின் முனையைத் துடைத்தால் எல் என்ற எழுத்து தெரியும். இதைப் பார்க்காமல் நீளக் குழாயைச் செருகி ஏறி மிதித்தால், நட்டு இறுகும் அல்லது ஸ்டட் உடையும். பின்னால் இரட்டைச் சக்கரம்: வெளி நட்டுக்கு ஒன்றரை அங்குல சாக்கெட், உள் நட்டுக்கு 13/16 அங்குல சதுர சாக்கெட்.

டிரம் ஹப்போடு சேர்ந்தேதான் வரும். ஆக்சில் ஷாஃப்டை உருவி, பேரிங் நட்டுகளை அதற்கான சாக்கெட்டால் கழற்றி, முழுத் தொகுதியையும் வெளியே இழுக்க வேண்டும். ஒற்றை ஆளாகத் தூக்க முயல வேண்டாம். டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவின் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எனவே தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இப்போது வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தப்பித்தீர்கள். ஈரம் கசிந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். பழுப்பாகச் சகதிபோல் வந்தால் உள்சுவர் துருவால் குழிவிழுந்திருக்கும். அதில் புது ரப்பர் கிட் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். லைனிங்கில் கிரீஸோ கியர் ஆயிலோ ஊறியிருந்தால் உள் ஹப் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிவது உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும்போது அழுத்தத்தில் ஆயில் போய்விடும், ஆனால் திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே நின்றால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல் இருக்கட்டும்.

காற்று எடுத்தல் (ஆயில் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுதல்)

1. ஏர் டேங்குகளைத் திறந்து காற்றையும் தண்ணீரையும் முழுதாக வெளியேற்றுங்கள்.
2. சுமார் 4 லிட்டர் டாட் 5 வாங்கி வையுங்கள். டப்பாவைக் குலுக்கக் கூடாது, மெதுவாக ஊற்ற வேண்டும். சிலிக்கானில் நுண்ணிய குமிழிகள் சிக்கினால் லேசில் வெளியே வராது.
3. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. வாய்க்கு அரை அங்குலம் கீழே வரை நிரப்புங்கள்.
4. முதலில் ஏர்பேக்கின் பிளீடர் (காற்றை வெளியேற்றும் திருகு), பிறகு மிகத் தொலைவில் உள்ள பின் சக்கரம், அங்கிருந்து படிப்படியாக முன்னுக்கு வாருங்கள். பிளீடரில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள்.
5. உதவியாளர் பெடலை நிதானமாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் பிளீடரைத் திறந்து, மூடி, அதன் பிறகே பெடலை விடச் சொல்லுங்கள். படபடவென்று மிதித்தால் ஆயில் நுரைக்கும்.
6. இரண்டு மூன்று சக்கரத்துக்கு ஒருமுறை மாஸ்டர் சிலிண்டரை நிரப்புங்கள். வற்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பெடல் கால் அங்குலமாவது தளர்வாக இறங்கிய பிறகே கெட்டிப்பட வேண்டும். அந்தத் தளர்வு இல்லையென்றால் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டு, ஓட ஓட பிரேக் தானாகவே இறுகும். ஷூ இடைவெளி, பேரிங் இறுக்கம், நட்டு டார்க் (இறுக்க வேண்டிய அளவு) ஆகியவற்றுக்கு ராணுவக் கையேடு டி.எம். 9-2320-361-20-ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை

காற்றில்லாமல் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஆயில் குறைந்துகொண்டே போனால் ஏர்பேக்கின் உள் சீல் போய், ஆயில் காற்றுப் பக்கம் போகிறது என்று பொருள். எஞ்சினை ஓட்டிக் காற்று ஏறியதும் பெடலை மிதித்தால் ஒரு குறுகிய சீறல் கேட்கும். நிற்காமல் சீறினால் அதுவும் ஏர்பேக் கோளாறுதான்.

முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுவது இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம். பெரிய டயரெல்லாம் பிறகு. ஆனால் ஏர்பேக் ஒன்றையே வைத்துக்கொண்டால் ஒரு சர்க்யூட்டுக்குத்தான் காற்றின் உதவி கிடைக்கும். இரண்டாவது ஏர்பேக்குக்கும் சேர்த்துச் செலவைக் கணக்கிடுங்கள். சிலிண்டர் உள்விட்டத்தைத் தோராயமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். சின்னதானால் எல்லா வீல் சிலிண்டர்களுக்கும் ஆயில் போதாது, பெரிதானால் பெடல் கல்லாக இருக்கும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத்தில், நடை வேகத்தில் போதும். சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே ஷூ உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக் வேலை செய்யவில்லை. சக்கர நட்டுகளை 80 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்குங்கள். பின்னால் வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, அப்புறம்தான் வெளி நட்டு.