மாவின் உறவு மரங்கள்: வளர்ப்பிலும் ஒப்பீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ரப்பர் தோட்டத்தின் வேலியோரம் நிற்கும் ஒரு மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டால், ஒருவர் அம்பழம் என்பார், இன்னொருவர் காட்டுமா என்பார், படித்தவர் ஒருவர் புளிமா என்றும் சொல்லக்கூடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நிலம் இது என்பதால், மலையாளப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் மாவின் உறவு மரங்களை வளர்க்க விரும்புவோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்தப் பெயர்களிலேயே தொடங்குகின்றன. மங்குஸ்தானையும் மாங்காய் இஞ்சியையும் பெயரைக் கொண்டு மாவின் சொந்தம் என எண்ணுவோர் உண்டு. முன்னது குடம்புளியின் இனம், பின்னது மஞ்சளின் இனம். பெயரில் மாவின் சாயலே இல்லாத ஒதியும் சேங்கொட்டையும்தான் மா பிறந்த அனகார்டியேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் கொல்லாமா என்று அழைக்கும் முந்திரியும் அதே குடும்பமே.

உறவு என்று சொல்லும்போது எவ்வளவு நெருங்கிய உறவு என்பதையும் கேட்க வேண்டும். மலேசியா, இந்தோனேசியப் பக்கத்து மரங்களான குயினி, பச்சாங், பிஞ்சாய், கஸ்தூரி ஆகியவை மாமரத்தின் மாஞ்சிஃபெரா பேரினத்திலேயே பிறந்த உடன்பிறப்புகள். கண்டாரியா எனப்படும் பூயியா, அருகிலுள்ள வேறொரு பேரினம் என்பதால், பங்காளி முறை. அம்பழமும் அம்பரெல்லாவும் அடங்கிய ஸ்பாண்டியாஸ் பேரினமோ வேறு துணைக்குடும்பத்தில் நிற்கும் தூரத்துச் சொந்தம். இந்தத் தூரத்தை மறப்பவர்களே அம்பழக் கம்பு எளிதில் வேர் பிடிக்கிறது என்று அதன்மேல் மாவை ஒட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஒட்டு நிலைப்பதில்லை. உடன்பிறப்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. குயினி மாவின் வேர்ச்செடியில், அதாவது ஒட்டுக்கு அடியாக நிற்கும் செடியில், நன்றாகப் பொருந்துகிறது. பச்சாங்கும் பிஞ்சாயும் அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. அவற்றை மாங்கன்றின்மேல் ஒட்டி விற்கும்போது, ஒட்டிய பிறகு எத்தனை துளிர்ப்புகளைக் கண்டது என்று விசாரித்துவிட்டு வாங்குவதே முறை.

கன்றை வாங்கும்போதே கண்ணால் சோதிக்கக்கூடிய அடையாளங்களைப் பலர் பார்ப்பதில்லை. மாமரத்திலும் அதன் உடன்பிறப்புகளிலும் இலைகள் தண்டைச் சுற்றி மாறி மாறி அமையும். கண்டாரியாவில் அவை எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கும். அம்பழத்திலும் அம்பரெல்லாவிலும் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். கண்டாரியா என்று சொல்லிக் கொடுத்த கன்றில் இலைகள் மாறி மாறி இருந்தால் அது கண்டாரியா அன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. குயினிக்கும் மாவுக்கும் இவ்வளவு தெளிவான வேறுபாடு கன்றுப் பருவத்தில் கிடைக்காது என்பதே தொல்லை.

அந்தத் தொல்லையில் நானும் சிக்கினேன். களியக்காவிளைக்கு அப்பால் ஒரு நாற்றங்காலில் குயினி என்று வாங்கிய ஒட்டுக்கன்றை வீட்டுக் கிணற்றடியில் நட்டு, அது செழித்து வளர்வதைக் கண்டு மகிழ்ந்திருந்தேன். ஐந்தாம் ஆண்டு காய்த்தது சாதாரண நாட்டுமாங்காய். ஒட்டுக்குச்சி எப்போதோ காய்ந்துபோய், ஒட்டின் கீழிருந்து முளைத்த வேர்ச்செடியின் கிளையைத்தான் நான் அத்தனை நாளும் உரமிட்டு வளர்த்திருக்கிறேன். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை விரலால் கிள்ளி எறிவதற்கு ஒரு நொடி போதும். அதைச் செய்யாததற்கு நாற்றங்காலைக் குறை சொல்ல முடியாது.

விதையில் நேரும் தவறு இன்னொரு வகை. மலேசியா சென்று திரும்பும் உறவினர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் கொட்டை பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வீணானது. மாவின் விதை நெல்போல உலர்த்திச் சேமிக்கத்தக்கதன்று. உலர உலர உயிர் போகும், சில வாரங்களில் முளைப்புத் திறன் அற்றுவிடும். மேலும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, அனுமதி இன்றி விதையையோ கன்றையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. மாங்கொட்டை வண்டு கொட்டைக்குள்ளேயே பயணம் செய்யக்கூடியது என்பதை நினைத்தால் இது வெறும் கெடுபிடி அன்று.

நிலத்தைப் பொறுத்தவரை, நம் மாவட்டத்தையே ஒரே நிலமாகக் கருதுவது பிழை. பிஞ்சாயும் பச்சாங்கும் ஆண்டு முழுவதும் மழை பரவிப் பெய்யும் தாழ்நிலக் காடுகளின் மரங்கள். இரண்டு பருவமழையும் நனைக்கும் குலசேகரம், அருமனைப் பக்கத்தில் அவற்றை முயன்று பார்க்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் வறட்சியும் உள்ள தோவாளைப் பக்கத்தில் அவற்றை நடுவது கன்றை வீணாக்குவதாகும். பூக்கும் காலத்தில் மழை பெய்து மாவின் விளைச்சல் குன்றும் ஈரமான இடங்களுக்குக் குயினி ஏற்றது. அது மாவுக்கும் பச்சாங்குக்கும் இயற்கையில் பிறந்த கலப்பினம் என்பதால், அதை மாவின் காட்டு மூதாதை என்று விளம்பரம் செய்வதை நம்ப வேண்டியதில்லை.

ஒப்பிடுவதில்தான் தவறுகள் மிகுதி. தேமா, புளிமா என்று யாப்பிலேயே இரு மாக்களை நிறுத்திய மொழி நம்முடையது. ஆனாலும் ஒரு பழத்தைச் சுவைத்து ஓர் இனத்தின்மேல் தீர்ப்பு வழங்கும் பழக்கம் நம்மை விட்டபாடில்லை. கொட்டையிலிருந்து வளர்ந்த ஒரு மரத்தின் பழத்தை ஒட்டுக்கட்டிய செங்கவருக்கை மாம்பழத்தோடு ஒப்பிட்டு, உறவு மரம் தாழ்ந்தது என்பது நியாயமற்றது. செங்கவருக்கை பல தலைமுறை தேர்ந்தெடுத்த ஒன்று, எதிரே நிற்பதோ யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு நாற்று. ஒப்பிட்டே ஆக வேண்டுமானால், வெள்ளைக்கொழும்பான் போன்ற, ஒரே கொட்டையிலிருந்து பல நாற்று முளைக்கும் பல்கரு விதை கொண்ட மாவின் நாற்றுகளை வேர்ச்செடியாக எடுத்து, அதனோடு இணங்கும் இனங்களை ஒட்டி, ஒரே மண்ணில் ஒரே வயதில் பார்க்க வேண்டும். பல்கரு விதையின் நாற்றுகள் பெரும்பாலும் தாய்மரத்தை ஒத்திருப்பதால் வேரால் வரும் வேறுபாடு குறையும். ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுப்பது மாவின் இயல்பு என்பதால், ஒரு பருவத்துக் கணக்கும் போதாது.

எப்போது பறிப்பது என்பதும் ஒப்பீட்டைக் கெடுக்கும். குயினி பழுத்த பிறகும் தோலில் பச்சையும் மங்கிய மஞ்சளும் பழுப்புப் புள்ளியுமாகவே இருக்கும்; மாவைப்போல மஞ்சளாகட்டும் என்று காத்திருப்பவருக்கு அழுகிய பழமே கிடைக்கும். இங்கே கண்ணைவிட மூக்கையே நம்ப வேண்டும், ஏனெனில் பழுத்த குயினியின் மணம் அறை முழுவதும் நிறைந்துவிடும். தெற்குக் காலிமந்தானின் கஸ்தூரி, தோல் கருஞ்சிவப்பும் பழுப்புமாக மாறும் சிறிய பழம். எடையால் ஒப்பிட்டால் எந்த மாம்பழத்திடமும் தோற்கும். அது காட்டில் அற்றுப்போய்த் தோட்டங்களில் மட்டும் எஞ்சியிருப்பது என்பதை அறிந்தவர் தராசை எடுக்க மாட்டார். அம்பரெல்லாவின் கொட்டையிலிருந்து முள்போன்ற நார்கள் சதைக்குள் நீளும். மாங்காயைக் கடிப்பதுபோல் கடித்தால் ஈறு குத்தும். முற்றாத காயைச் சீவி உப்பிலிடுவது நல்லது.

மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணானவருக்குப் பிஞ்சாய், பச்சாங் காய்களின் பால் அதைவிடக் கடுமையாக இருக்கும். காயைப் பறித்தவுடன் காம்பைக் கிள்ளிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடாமலும், தோலைத் தடிமனாகச் சீவாமலும் உண்பது உதட்டை வீங்கச் செய்யும். இந்தக் குடும்பத்துக் காட்டு மரமான சேரின் பகை பட்டால், அதாவது அதன் பால் பட்டுத் தோல் தடித்தால், தான்றி மரத்தைச் சுற்றி வர வேண்டும் என்பது மலையோரத்து வழக்கம். சுற்றி வருவோர் வரட்டும். அதற்கு முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போவது நல்லது.