அமெரிக்கப் பல்கலைக்கழகம் நிர்வாகத்துக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதைக் கண்டறியும் வழி

அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் ஏறியதற்கு நிர்வாகப் பதவிகள் பெருகியதே காரணம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. நீங்கள் கருதும் பல்கலைக்கழகத்துக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதைக் கணக்கியல் பயிலாதவரும் பொது ஆவணங்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். கடன் வாங்கிப் பிள்ளையை அங்கே படிக்க அனுப்பும் குடும்பத்துக்கு, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை நிச்சயமாக உண்டு.

முதலில் ‘ஐபெட்ஸ்’ (IPEDS) எனப்படும் அமெரிக்க உயர்கல்வித் தரவுத் தொகுப்பைத் திறந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வரவுசெலவையும் பணியாளர், மாணவர் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் இதற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் அவற்றை இலவசமாக வெளியிடுகிறது.

செலவுப் பட்டியலில் ‘இன்ஸ்டிடியூஷனல் சப்போர்ட்’ என்ற வரிதான் நிர்வாகச் செலவுக்கு மிக நெருக்கமானது. தலைவர் அலுவலகம், நிதி, சட்டம், பணியாளர் நலம், நன்கொடை திரட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் கணக்கு தவறிவிடும். புலத் தலைவர்களான டீன்களின் அலுவலகச் செலவு, நூலகச் செலவோடு சேர்ந்து ‘அகாடமிக் சப்போர்ட்’ என்ற வரியில் இருக்கும். மாணவர் சேர்க்கை, பதிவாளர் அலுவலகம், மனநல ஆலோசனை போன்றவை ‘ஸ்டூடன்ட் சர்வீசஸ்’ என்ற வரியில் வரும். மூன்றையும் ஒன்றாகக் கூட்டி வீண்செலவு என்று முத்திரை குத்துவது நூலகருக்கும் ஆலோசகருக்கும் இழைக்கும் அநீதி. முதல் வரியை மட்டும் காட்டி நிர்வாகம் சிறியது என்பது உண்மையை மறைப்பது. ஆகவே மூன்றையும் தனித்தனியே எழுதி, பக்கத்தில் கற்பித்தலுக்கான ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ வரியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு தொகையையும் அவ்வாண்டின் முழுநேரச் சமமான மாணவர் எண்ணிக்கையால் (பகுதிநேர மாணவரை முழுநேரக் கணக்குக்கு மாற்றிக் கூட்டிய எண்) வகுத்து, நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி ஒரே ஆண்டின் டாலர் மதிப்புக்கு மாற்றுங்கள். பேச்சுக்கு, மாணவர் ஒருவருக்கான நிர்வாகச் செலவு பத்தாண்டுகளில் 3,000 டாலரிலிருந்து 4,500 டாலராகிவிட்டது என்றும், அதே காலத்தில் விலைவாசி 30 விழுக்காடு ஏறியது என்றும் கொள்வோம். பழைய 3,000 டாலரின் இன்றைய மதிப்பு 3,900 டாலர். எனவே மெய்யான உயர்வு 600 டாலர், அதாவது சுமார் 15 விழுக்காடு. கற்பித்தல் செலவும் அதே அளவு உயர்ந்திருந்தால் நிர்வாகம் மட்டும் ஊதிவிட்டது என்று சொல்ல முடியாது. கற்பித்தல் செலவு அசையாமல் நிற்க நிர்வாகம் மட்டும் வளர்ந்திருந்தால், அங்கேதான் கேள்வியைத் தொடங்க வேண்டும்.

ஒப்பிடும்போது அரசுப் பல்கலைக்கழகத்தை அரசுப் பல்கலைக்கழகத்தோடு மட்டுமே வையுங்கள், ஏனெனில் தனியார் நிறுவனங்களின் கணக்கியல் விதிகள் வேறு. ஓய்வூதியப் பொறுப்புகளை ஏட்டில் காட்ட வேண்டும் என்ற விதி 2015 நிதியாண்டில் நடைமுறைக்கு வந்ததால், அரசுப் பல்கலைக்கழகங்களின் செலவு அந்த ஆண்டில் திடீரெனத் தாவினால் அது கணக்கு முறையின் விளைவாக மட்டும் இருக்கலாம்.

பணியாளர் எண்ணிக்கையில் இன்னும் கவனம் தேவை. 2012-13இல் பதவி வகைப்பாடு மாற்றப்பட்டதால், அதற்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது. மருத்துவமனை நடத்தும் பல்கலைக்கழகமாயின், அதன் ஊழியர்களும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும், வளாகக் குற்றங்களை வெளியிடச் சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் நிறைவேற்ற ஆள் தேவை. மாணவரைக் காக்கும் அந்தப் பணியிடங்களை நான் ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

இலாப நோக்கற்ற தனியார் பல்கலைக்கழகமாயின், வருமான வரித் துறைக்கு அளிக்கும் படிவம் 990ஐத் தேடுங்கள். அதன் ஏழாம் பகுதி உயர் அதிகாரிகளின் ஊதியத்தையும், ஒன்பதாம் பகுதி மேலாண்மைச் செலவைத் தனி நெடுவரிசையிலும் காட்டும்.

இறுதியாக இவற்றைக் கட்டணத்தோடு பொருத்த வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநில அரசு தரும் மானியத் தொகையையும் மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் பல மாநிலங்கள் மானியத்தைக் குறைத்தன. நிர்வாகச் செலவு ஏறியதைவிட மானியம் அதிகமாகச் சரிந்திருந்தால், கட்டண உயர்வின் பெரும்பங்கு அங்கிருந்தே வந்திருக்கலாம். ஐபெட்ஸ் தளத்தில் காணும் ‘சராசரி நிகரக் கட்டணம்’ (மொத்தப் படிப்புச் செலவில் உதவித்தொகையைக் கழித்தது) நிதியுதவி பெற்ற முதலாண்டு முழுநேர இளநிலை மாணவர்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அரசுப் பல்கலைக்கழகமாயின் உள்மாநிலக் கட்டணம் செலுத்துவோர் மட்டுமே அதில் அடங்குவர். ஆகவே முதுநிலைப் படிப்புக்குச் செல்லும் நம் மாணவர் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. அவர் சேரவிருக்கும் துறை வெளியிடும் முழுக் கட்டணப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள கட்டாயக் கட்டணங்களையும், வெளிநாட்டு மாணவரிடம் தனியாக வாங்கும் தொகை இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, அவை எந்த அலுவலகத்தின் எந்தச் செலவுக்குப் போகின்றன என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள்.