தோக்கியோவில் ஒரு நாள்: நண்பர் குழுவுக்கான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று ஈப்போவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் நண்பர்கள், தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது ஜப்பான் பயணத்தைப் பற்றிப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுலாவுக்காக 90 நாள் வரை விசா இல்லாமல் அங்கே தங்கலாம்; விமானப் பயணம் ஏறத்தாழ ஏழு மணி நேரம். ஆனால் மாமாக் கடையில் அமர்ந்து ஆளுக்கு மூன்று இடம் சொல்லி, அத்தனையையும் ஒரே நாளில் அடக்க முயன்றால், அந்த நாளின் பெரும்பகுதி ரயில் மாறுவதிலும் ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதிலும் கழிந்துவிடும். ஆகவே முதலில் ரயில் பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின்மீது இடங்களைப் பிறகு அமைத்துக்கொள்ளுங்கள். கின்சா பாதை, மருனோச்சி பாதை என்னும் இரண்டு சுரங்க ரயில் பாதைகளே ஒரு முழு நாளுக்குப் போதுமானவை.

புறப்படுமுன் ஒவ்வொருவரும் தனித்தனியாக ரயில் கட்டணம் செலுத்த உதவும் சுயிக்கா அல்லது பாஸ்மோ என்னும் பணம் ஏற்றும் அட்டை ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ஓர் அட்டையில் இருவர் பயணம் செய்ய இயலாது. நிலைய இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் ரொக்கத்தைக் கொண்டே பணம் ஏற்ற வேண்டியிருப்பதால் யென் தாள்கள் கையில் இருக்கட்டும். பொதுச்செலவுக்கு ஆளுக்குச் சமமாகப் போட்டு, கணக்கில் கறாரான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், ஒவ்வொரு கடையிலும் பங்கு பிரிக்கும் தொல்லை இராது.

காலையை அசாகுசாவில் உள்ள சென்சோ-ஜி கோயிலில் தொடங்குவது நல்லது. ஏழரை மணிக்கு முன்பே ரயில் ஏறிவிட்டால் அலுவலக நேர நெரிசலைப் பெருமளவு தவிர்க்கலாம். சுமிதா ஆற்றில் 628ஆம் ஆண்டு மீனவச் சகோதரர் இருவரின் வலையில் சிக்கியதாகக் கூறப்படும் கன்னோன் சிலையே இக்கோயில் தோன்றக் காரணம். அகத்தியருக்குத் தமிழை உணர்த்தியவர் என நம் இலக்கண மரபு ஒன்று போற்றும் பௌத்தப் போதிசத்துவர் அவலோகிதரே ஜப்பானில் கன்னோனாக வணங்கப்படுகிறார் என்பதை அறிந்து செல்லும் தமிழருக்கு அந்தச் சன்னிதி அந்நியமாகத் தோன்றாது. பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாயிலிலிருந்து சுமார் 250 மீட்டர் நீளும் நகாமிசே கடைத்தெரு காலையில் பெரும்பாலும் மூடியிருக்கும். வழிபாட்டை முடித்துவிட்டுக் கடைகள் திறக்கும்போது திரும்பி வந்து பாருங்கள். வாங்கிய தின்பண்டத்தை நடந்துகொண்டே தின்னாமல் கடையருகே நின்று முடிப்பது அங்குள்ள மரியாதை.

அசாகுசா, கின்சா பாதையின் முதல் நிலையம் என்பதால் குழுவாக உட்கார இடம் கிடைக்கும். இங்கிருந்து உவேனோ வரையிலான பகுதி 1927இல் திறக்கப்பட்டது; ஆசியாவின் முதல் சுரங்க ரயில் பாதை இதுவே. மதிய உணவுக்குக் கின்சாவில் இறங்குங்கள். திருவிதாங்கூரிலிருந்து சென்று இந்திய விடுதலைக்காக உழைத்த ஏ. எம். நாயர் 1949இல் தொடங்கிய உணவகம் அங்கே இருக்கிறது. கோழிக் கறியுடன் வரும் சோறு அதன் புகழ்பெற்ற உணவு. சைவ நண்பர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் ஜப்பானியச் சூப்பும் குழம்பும் பெரும்பாலும் உலர்ந்த மீனின் சாற்றில் தயாராகின்றன. காய்கறி மட்டுமே கண்ணில் தெரிவதால் அது சைவம் ஆகிவிடாது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள், கடைகளில் விற்கும் ஜப்பானியக் கறிக் குழம்புக் கலவையில் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிற்பகலுக்கு நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பது ரெங்கோஜி கோயில். கின்சா நிலையத்தில் மருனோச்சி பாதைக்கு மாறி, ஓகிகுபோ என்று முகப்பில் காட்டும் ரயிலில் ஏறினால் ஹிகாஷி-கோஎன்ஜியில் இறங்கி நடந்தே செல்லலாம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி எனக் கருதப்படுவது 1945 முதல் இச்சிறிய கோயிலில் காக்கப்பட்டு வருகிறது. முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை உண்டு. 1943இல் அவருடைய அழைப்பைக் கேட்டு நம் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆண்கள் இந்திய தேசிய இராணுவத்திலும் இளம்பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். சுற்றுலா நூல்கள் இக்கோயிலை ஓரிரு வரியில் கடந்துவிடலாம். தோட்டத்தில் பிறந்தவர்கள் அவ்வாறு கடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதேசமயம், உங்கள் நண்பர்களில் ஒருவருடைய தாத்தா, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரால் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாதவராக இருக்கலாம். அவருக்கு இந்த இடம் வேறு வேதனையைத் தரக்கூடும் என்பதால், பயணத்துக்கு முன்பே ஊரில் வைத்து இதைப் பேசி முடிவு செய்யுங்கள். குடியிருப்புப் பகுதி ஆதலால் அமைதியாகச் சென்று, சிலை முன் நின்று வணங்கித் திரும்பினால் போதும்.

அதே பாதையில் திரும்பி நிஷி-ஷின்ஜுக்குவில் இறங்கினால் தோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தை நடந்தே அடையலாம். 202 மீட்டர் உயரத்தில், 45ஆம் மாடியில் உள்ள அதன் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கட்டி ஏறும் கோபுரங்களை ஒரு நாள் பயணத்தில் ஒதுக்கிவிடலாம். வானம் தெளிந்த குளிர்காலத்தில் ஃபூஜி மலையும் தென்படும். மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் காணும் நம் பழக்கத்தை நம்பி நேரத்தைக் கணக்கிடாதீர்கள்: டிசம்பரில் தோக்கியோவில் நாலரை மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும்.

இரவு உணவுக்கு ஷின்ஜுக்குவிலேயே தங்குங்கள். இந்நிலையத்தில் வாயில்கள் மிக அதிகம் என்பதால், "ஸ்டேசனில் பார்ப்போம்" என்று சொல்லிப் பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடியே களைத்துப் போவார்கள்; வாயிலின் பெயரையும் நேரத்தையும் குழு வாட்சாப்பில் எழுதிவிட்டுப் பிரியுங்கள். ரயில்கள் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். டாக்சிகளோ இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 20 விழுக்காடு கூடுதல் கட்டணம் வாங்கும். தங்குமிடத்துக்குச் செல்லும் கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ரயிலிலேயே ஏறிவிடுங்கள்.