விரலைச் சுற்றி ஓடும் நார்: மர மோதிரம் செய்வது எப்படி?

நான் முதன்முதலாகச் செய்த மர மோதிரம் நான்காம் நாளே இரண்டாகப் பிளந்துவிட்டது. பலகைத் துண்டில் டிரில்லால் துளையிட்டு, சுற்றிலும் அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய மோதிரம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உடைந்த இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது.

விறகு பிளந்தவர்களுக்கு இது புதிதல்ல. நார் போகும் வாக்கில் கோடரியை இறக்கினால் ஒரே போடில் விறகு பிளந்துவிடும். குறுக்கே வெட்டினால் கை ஓய்ந்துவிடும். பலகையில் வட்டமாக அறுத்தெடுத்த மோதிரத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் நார் குறுக்காகப் போகிறது. அங்கே நாரின் நீளம் மோதிரத்தின் கனம் அளவுதான், அதாவது இரண்டு மூன்று மில்லிமீட்டர். கதவில் கை லேசாக இடித்தாலே அந்த இடத்தில் விட்டுவிடும். மெல்லிய மரக்கீற்று ஒன்றைச் சுருளாகச் சுற்றி ஒட்டினால், நார் எங்கேயும் அறுபடாமல் விரலைச் சுற்றியே ஓடும். தொடங்குபவர்களுக்கு நான் இந்த முறையை மட்டும்தான் சொல்லித் தருவேன். இதற்குப் பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை.

முதலில் மரம்

மோதிரம் செய்ய நினைக்கும் பலரும் முதலில் கேட்பது, "இந்த மரத்துக்கு என்ன அர்த்தம்?" என்றுதான். நல்ல கேள்வி. மரங்களுக்கு மனிதர்கள் கொடுத்த பொருள்களில் பல, அந்த மரம் வாழும் விதத்திலிருந்தே வந்தவை.

வட ஐரோப்பாவில் பிர்ச் மரம் புதிய தொடக்கத்தின் அடையாளம். காடு எரிந்த இடத்திலும் வெறும் நிலத்திலும் முதல் ஆளாக முளைத்து வருவது அதுதான். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கிய நிலங்களில் முதலில் பரவிய மரங்களிலும் பிர்ச் உண்டு. நார்டிக் புராணத்தில் உலகங்களையெல்லாம் தாங்கி நிற்கும் இக்ட்ராசில் ஒரு ஆஷ் மரம். அதே புராணத்தில் முதல் ஆணின் பெயர் அஸ்க்; அந்தச் சொல்லுக்கே ஆஷ் மரம் என்றுதான் பொருள். உலகைத் தாங்கும் வேலையை ஆஷிடம் ஒப்படைத்ததில் எனக்கு வியப்பில்லை. அதிர்ச்சியைத் தாங்கும் மரம் என்பதால்தான் சுத்தியலுக்கும் கோடரிக்கும் அதில் காம்பு போடுகிறார்கள். ஆவியில் அழகாக வளையும் என்பதால் முதல் மோதிரத்துக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

கிரேக்கர்களுக்கு ஓக் மரம் சீயஸ் கடவுளுடையது. டொடோனா என்ற தலத்தில் ஓக் இலைகளின் சலசலப்பில் கடவுளின் வாக்கைக் கேட்டார்கள். ஓக்கின் நுண்துளைகள் பெரியவை, அதனால் மேல்பூச்சு ஒன்றிரண்டு தடவை கூடுதலாகக் கேட்கும். ஆலிவ் மரம் ஏதென்ஸுக்கு அத்தீனா தந்த கொடை. ஒலிம்பியாவில் வென்றவர்களுக்குச் சூட்டியது காட்டு ஆலிவ் கிளை வளையம். 1946இல் ஏற்கப்பட்ட ஐ.நா. சின்னத்தில் உலகப்படத்தை அணைத்திருப்பவையும் ஆலிவ் கிளைகளே. ஆனால் ஆலிவின் நார் முறுக்கிக்கொண்டு போகும், சுற்றும்போது ஒடியும். அது கை பழகியபின் எடுக்க வேண்டிய மரம்.

ஒரே மரத்துக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும். ஐரோப்பாவில் வில்லோ துயரத்தின் மரம். சீனாவிலோ, பிரிந்து செல்பவருக்கு வில்லோ கிளை ஒடித்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் அந்த மரத்தின் பெயரும் 'தங்கு' என்ற சொல்லும் சீன மொழியில் ஏறத்தாழ ஒரே ஒலி. கிங்கோவுக்கு நம் காலத்திலேயே ஒரு பொருள் சேர்ந்தது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்துக்கு அருகே கருகிய கிங்கோ மரங்கள் சில மீண்டும் துளிர்த்தன, இன்றும் நிற்கின்றன.

இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒன்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பிறந்த தேதிக்கு ஒரு மரம் சொல்லும் 'பழங்கால கெல்டிக் மர நாட்காட்டி' பழங்காலத்தது அல்ல. ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1948இல் வெளியிட்ட நூலில் அமைத்த வரிசையிலிருந்து வந்தது அது. அயர்லாந்தின் பழைய ஓகம் எழுத்துகள் சிலவற்றுக்கு மரப் பெயர் உண்டு என்பது உண்மை. மாதங்களோ ராசிபலனோ அதில் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து ஒருவருக்கு மோதிரம் செய்து கொடுப்பதைவிட, அவருக்குப் பழக்கமான மரத்தைத் தேடுங்கள். நற்றிணையின் 172ஆம் பாடலில் வரும் புன்னையை நினைத்துக்கொள்வேன். சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்துபோன விதை முளைத்து, அவர்கள் நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த மரம். "இது உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் தங்கை" என்கிறாள் தாய். அதனால் அதன் நிழலில் நின்று காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறார்கள். அந்தப் புன்னைக்கு வேறு எந்த அகராதியில் பொருள் தேடுவது?

இரண்டு தவிர்ப்புகள். அரளியும் யூ மரமும் நஞ்சுள்ளவை. தோலில் படும் பொருளுக்கு எடுக்காதீர்கள். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. செம்மரமும் அந்தக் கட்டுப்பாட்டில் உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத துண்டை வாங்க வேண்டாம்.

அளவு

தாள் கீற்று ஒன்றை விரலில் சுற்றிக் குறியிடுங்கள். முட்டியைத் தாண்டி வர வேண்டும் என்பதால் அங்கேயும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் உள்விட்டம் கிடைக்கும். 57 மி.மீ. சுற்றளவு என்றால் உள்விட்டம் சுமார் 18 மி.மீ. அதே விட்டமுள்ள வழவழப்பான உருளை ஒன்று வேண்டும்: ஸ்பேனர் சாக்கெட், தடித்த மார்க்கர் பேனா, எதுவானாலும் சரி. அரை மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் நல்லது, பிறகு தேய்த்துப் பெரிதாக்கலாம்.

கீற்று

கடையில் கிடைக்கும் வெனீர், அதாவது தாள்போலச் சீவிய மெல்லிய மரத் தகடு, பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம். ஐந்து சுற்று சுற்றினால் 2.5 மி.மீ. கனமுள்ள மோதிரம் வரும். 18 மி.மீ. உள்விட்டத்துக்கு ஏறக்குறைய 32 செ.மீ. தேவைப்படும், 35 ஆக வெட்டுங்கள். அகலம் 10 மி.மீ. நார் கீற்றின் நீளவாக்கில் ஓட வேண்டும், இதில் மட்டும் தவறவே கூடாது. வெனீர் இல்லை, உங்களுக்கு வேண்டிய மரத்தின் ஒரு துண்டு மட்டும் கையில் இருக்கிறது என்றால், தச்சர் ஒருவரிடம் கொடுத்து இழைப்புளியால் நீளமாகச் சீவித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீவலே போதும். மெல்லியதாக இருப்பதால் சுற்றுகள் கூடும், அவ்வளவுதான். ஒரு சீவல் தீர்ந்தால் அடுத்ததை அதன் நுனியோடு நுனி சேர்த்துத் தொடரலாம்.

கீற்றின் இரு நுனிகளையும் உப்புத்தாளில் தேய்த்து, கடைசி 15 மி.மீ. தாள்போல மெலிந்து முடியும்படி செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் மோதிரத்தின் உள்ளே ஒரு படிக்கட்டு நிற்கும், விரலை உறுத்திக்கொண்டே இருக்கும்.

வளைத்தல்

பொறுமை வேண்டிய இடம் இது. கொதிக்கும் நீரில் கீற்றை 15 நிமிடம் போடுங்கள். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டிலும் ஈரத்திலும் இளகும். ஆறியதும் புதிய வடிவத்திலேயே இறுகிக்கொள்ளும். வெனீருக்கு இரண்டு முகங்கள் உண்டு. சீவும்போது ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. லேசாக இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் பக்கமாகவே சுற்றுங்கள். சீவலாக இருந்தால் அது தானாகச் சுருண்டிருக்கும் போக்கிலேயே போங்கள்.

சூடு ஆறும்முன் எடுத்து, உருளையில் இறுக்கமாகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். எங்காவது சிராய் எழுந்தால் அந்தக் கீற்றை ஒதுக்கிவிட்டு வேறு எடுப்பதே மேல். நான் சேர்த்து ஒட்டிப் பார்த்திருக்கிறேன், கடைசிவரை அந்த இடம் தொந்தரவு கொடுத்தது.

ஒட்டுதல்

நன்றாக உலர்ந்தபின் உருளையில் செலோடேப் ஒரு சுற்று ஒட்டுங்கள், இல்லையென்றால் மோதிரம் உருளையோடு ஒட்டிவிடும். சூப்பர் க்ளூவை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு துளி விட்டு, இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அங்கேயே நின்று அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பருத்தித் துணியில் இந்தப் பசை கொட்டினால் சுடும் அளவுக்குச் சூடேறும், அதனால் பருத்திக் கையுறை வேண்டாம்.

வடிவமும் பூச்சும்

முகக்கவசம் போடுங்கள், மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஓரங்களைத் தட்டையாக விரித்த உப்புத்தாளில் வைத்து வட்டமாகத் தேய்த்துச் சமன்படுத்துங்கள். உள்பக்கத்துக்கு உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றிக்கொள்ளுங்கள். சொரசொரப்பான 120 எண் தாளில் தொடங்கி 180, 240, 400 என்று போங்கள். உள்விளிம்பை மழுங்க உருட்டிவிட்டால் மோதிரம் வழுக்கிக்கொண்டு விரலில் ஏறும்.

தினமும் அணிவதாக இருந்தால் சூப்பர் க்ளூவையே பூச்சாகப் போடலாம். மெல்லியதாக எட்டுத் தடவை, இரண்டு தடவைக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து. தண்ணீர் உள்ளே போகாது, ஆனால் தொட்டால் மரமாகத் தெரியாது. எனக்குப் பிடித்தது ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். மரத்தின் தொடுகை அப்படியே இருக்கும். மாதம் ஒருமுறை மீண்டும் பூச வேண்டும், கை கழுவும்போது கழற்ற வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், உலரும்போது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் நனைத்து வையுங்கள்.

மயிரிழை விரிசல் தெரிந்தால் தண்ணீர்போல ஓடும் வகை சூப்பர் க்ளூ ஒரு துளி போதும், தானே உறிஞ்சிக்கொள்ளும். மோதிரம் இறுக்கமாக இருந்தால் உள்ளே கொஞ்சம் தேய்க்கலாம். தளர்ந்துபோனால் உள்பக்கம் இன்னொரு கீற்றை வளைத்து ஒட்டலாம். அதை வேறொரு மரத்தில் எடுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது, அணிந்திருப்பவருக்கு மட்டும் தெரியும்.