அமெரிக்கக் குடியேற்றக் காலத்துக் கிறிஸ்தவக் காதல் கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதாநாயகி முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள். அடுத்த பக்கத்தில் மழை கொட்டுகிறது, கடன் தீர்கிறது, அதுவரை கடவுளை நம்பாத நாயகன் ஞானஸ்நானத்துக்கே தயாராகிவிடுகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்கில் குடியேறியவர்களை வைத்து எழுதும் கிறிஸ்தவக் காதல் கதைகளை இதுதான் அதிகம் கெடுக்கிறது. ஜெபம் இப்படிக் கேட்டவுடன் பலிப்பதில்லை என்பது விசுவாசிகளுக்கே நன்றாகத் தெரியும்.

அமெரிக்க மாநிலமான மினசோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1873-ல் அதன் தென்மேற்குப் பகுதியில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. பயிரைத் தின்றுவிட்டு மண்ணில் முட்டையிட்டன. அடுத்த ஆண்டு அதிலிருந்து குஞ்சுகள் கிளம்பின. 1877 வரை இந்தத் தொல்லை தொடர்ந்தது. அந்த ஆண்டு ஆளுநர் ஜான் பில்ஸ்பரி ஏப்ரல் 26-ஐ உபவாச ஜெப நாளாக அறிவித்தார். அந்தக் கோடையிலேயே வெட்டுக்கிளிகள் பறந்து போயின.

எழுத உட்காருபவர்கள் நேராக அந்த ஜெப நாளுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கென்னவோ, கதை அதற்கு முந்தைய கோடைகளில்தான் இருக்கிறது. மூன்றாம் முறையும் விளைச்சல் போன வீட்டில், விதைக் கடனோடு, சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லி ஜெபிக்கும் அப்பாவின் குரல் எப்படி இருந்திருக்கும்? அவர் மகளைப் பெண் கேட்டவன், "இந்த நிலம் வேண்டாம், கிழக்கே திரும்பிவிடலாம்" என்றால் அவள் என்ன பதில் சொல்வாள்? போனால் அப்பாவைக் கைவிட்டதாகும், இருந்தால் அவனை இழக்க வேண்டும். இங்கே விசுவாசமும் காதலும் ஒரே முடிச்சில் விழுகின்றன. அதை அவிழ்க்க அவசரப்படாதீர்கள்.

அடுத்தது, எல்லாரையும் பொத்தாம்பொதுவாகக் 'கிறிஸ்தவர்' ஆக்கிவிடுவது. மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்கள் பெரும்பாலும் லூத்தரன்கள்தான் (மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்டுகள்), ஆனாலும் அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஹௌகே என்ற நார்வே பிரசங்கியின் வழியினர் போதகர் அல்லாதவர்களும் பிரசங்கிக்கலாம் என்றார்கள். நடனத்தையும் குடியையும் வெறுத்தார்கள். நார்வேஜியன் சினட் சபையினர் அங்கி அணிந்த போதகரையும் முறையான ஆராதனையையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே வேதாகமம். இப்படி இரண்டு வீட்டுப் பிள்ளைகள் காதலித்தால் போதுமே, தனியாக ஒரு வில்லன் எதற்கு?

நிலச் சட்டத்தையும் பலர் படிப்பதில்லை. குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதான, மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். கணவனோடு வாழும் பெண்ணால் பொதுவாக முடியாது. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் பட்டா. காதலர்கள் இருவரும் தனித்தனி நிலம் எடுத்திருந்து, பட்டா வருமுன் மணந்துகொண்டால், இரண்டு இடத்திலும் குடியிருப்பதாகக் காட்ட முடியாது. யார் நிலத்தை விடுவது? கல்யாணத்தைத் தள்ளிப்போட இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

அப்புறம், அந்த நிலம் யாருடையது என்று கேட்காமல் எழுதுவது. இதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை. அதே 1862-ல்தான் மினசோட்டாவில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் நடந்தது. டிசம்பர் 26 அன்று அங்குள்ள மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு டகோட்டாக்களை மாநிலத்தை விட்டே வெளியேற்ற நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மன்கேட்டோ சிறையில் இருந்த பலர் 1863-ல் மிஷனரிகளிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதாவது, உங்கள் நாயகி கிறிஸ்துவுக்குள் சகோதரர்கள் என்று அழைக்க வேண்டியவர்களைத் துரத்திவிட்ட மண்ணில்தான் அவள் கோதுமை விதைக்கிறாள். அவளுக்கு இது தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாளா? கிறிஸ்தவக் கதை என்று பெயர் வைத்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக வழியில்லை.

மற்றவை சரிபார்த்தாலே தீரும். 1875 ஆராதனையில் 'தி ஓல்ட் ரக்கட் கிராஸ்' பாட வைக்காதீர்கள். அந்தப் பாட்டு வந்தது 1913-ல். ஆங்கிலம் பேசும் குடும்பம் என்றால் கையில் கிங் ஜேம்ஸ் வேதாகமம் இருக்கட்டும், இன்றைய எளிய மொழிபெயர்ப்பு வசனங்கள் வேண்டாம். நார்வே வீட்டில் ஜெபம் நார்வே மொழியில் நடக்கட்டும்.